கறித்துண்டு யாருக்கு? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் கோத்தகிரியில் பிறந்தவன். இப்போது ஓசூரில் வேலை. சென்ற மாதம் டிவியில் செருகி விளையாடும் சிறிய கருவி ஒன்று வாங்கினேன். பத்தாயிரம் விளையாட்டுகள் உள்ளே இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. சிறுவயதில் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்து விளையாடிய ஃபைனல் ஃபைட், கோல்டன் ஆக்ஸ், முஸ்தபா எல்லாமே இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை இரவு முஸ்தபாவை முழுவதும் முடித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முடித்தபோது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. என் மகனுக்கு 12 வயது. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் எழுந்து போய்விட்டான். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை.

அந்த விளையாட்டுகள் உண்மையிலேயே இவ்வளவு சாதாரணமானவைதானா, அல்லது என் வயதுதான் காரணமா? வீட்டுக்கென்று வந்த பதிப்புகளில் வீடியோ கேம் கடையில் இருந்ததற்கு நெருக்கமானது எது? கோவையில் ஒருவர் பழைய கேம் பெட்டி ஒன்றை விற்கிறார், வாங்கலாமா? அடிதடி விளையாட்டைப் பையனுக்குக் காட்டாதீர்கள் என்று என் மனைவி சொல்கிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

ஒரு பொருள் இரண்டு சிறுவர்களுக்கு நடுவில் கிடந்தால் அதை யார் எடுப்பது என்பதை அவர்கள் எங்கே கற்கிறார்கள் என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அதைக் கற்பதில்லை. வீட்டிலும் பெரும்பாலும் இல்லை. அங்கே அம்மா முன்பே பங்கிட்டு வைத்துவிடுகிறாள். நான் கற்ற இடம் குன்னூர் மார்க்கெட்டுக்கு அருகில் இருந்த ஒரு வீடியோ கேம் கடை. அதனால்தான் முஸ்தபா என்ற பெயரைப் பார்த்ததும் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் வயது காரணம் இல்லை. பையனுக்கு எதைக் காட்டலாம் என்பதில் உங்கள் மனைவியின் சொல்லைக் கேளுங்கள், நான் அதில் நுழைய மாட்டேன். பட்டனை அழுத்தியபின் சற்றுத் தாமதமாகவே அடி விழுவதாகத் தோன்றியிருக்கும். அதற்குக் காரணம் டிவி. பழைய பிக்சர் ட்யூப் படத்தை வந்த கணமே காட்டியது. இன்றைய டிவி அதை வாங்கி, திருத்தி, பிறகுதான் காட்டுகிறது. அமைப்புகளில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன் என்கிறீர்கள். காயின் பட்டனை எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று ஏன் எழுதவில்லை? அந்தக் கருவியில் ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு ரூபாய் விழுந்ததாகக் கணக்கு. செத்தீர்கள், தட்டினீர்கள், எழுந்தீர்கள், மறுபடி செத்தீர்கள். உங்கள் பாதையில் உடைபட்ட பீப்பாய்களிலிருந்தும் பெட்டிகளிலிருந்தும் எடுத்தால் உயிர் கூடும் கறித்துண்டுகள் எத்தனை உருண்டு விழுந்தன? எதையாவது நின்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். முடிவே இல்லாத உயிர் கையில் இருப்பவனுக்குச் சோறு எதற்கு? நீங்கள் விளையாடவில்லை தம்பி. கடைசிக் காட்சி வரை வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். பிறகு எனக்கு எழுதி, விளையாட்டு சாதாரணமானதா என்று கேட்கிறீர்கள்!

இந்த விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அடியைப் பற்றியே எழுதுகிறார்கள். ஃபைனல் ஃபைட்டில் ஹாகர் எதிரியைத் தூக்கித் தலைகீழாகக் குத்துவது, டபுள் டிராகனில் முழங்கையால் இடிப்பது. அடி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடி எல்லோருக்கும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. சோறு மட்டும்தான் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்கு ஒரு ரூபாய்க்குச் சில நிமிடங்களுக்கு மேல் கொடுத்தால் கட்டாது. எனவே விளையாட்டை அமைத்தவர்கள் மூச்சு முட்டும் இடங்களாகப் பார்த்து ஒரு பீப்பாய்க்குள் கறியை ஒளித்து வைத்தார்கள். திரையில் இரண்டு பேர் நிற்பார்கள், கறி ஒன்றே ஒன்றுதான் விழும். தொட்டால் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அதன்மேல் நின்று, அடிக்கும் பட்டனை அழுத்தினால்தான் குனிந்து எடுப்பான். எடுத்தவன் தெரிந்தேதான் எடுக்கிறான்.

இந்த எண்ணம் இந்த வகை விளையாட்டுகளுக்கும் முந்தையது. 1985-இல் அடாரி வெளியிட்ட காண்ட்லெட்டில் நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம். நேரம் போகப்போக உயிர் தானாகவே குறையும், சோறு நால்வருக்கும் பொது, குறி தவறிச் சுட்டால் அந்தச் சோறே அழிந்துபோகும். நான்கு சிறுவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவைத்து இதைக் கொடுத்தால் அவர்கள் முதலில் சண்டை போடுவார்கள், பிறகு ஒரு சட்டம் செய்வார்கள்.

எங்கள் கடையில் சட்டம் பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சைத் தேயிலை விலை விழுந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசி. ஐப்பசி மழை. பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடிவிட்டால் கோவையிலிருந்து விளையாட்டு பதிந்த புதுப் போர்டு வராது, இருக்கிற விளையாட்டையே வாரக்கணக்கில் ஆட வேண்டும். அந்த மழையில் பெட்டியில் மாட்டியிருந்தது முஸ்தபா. ஈரம் போர்டில் இறங்காமல் இருக்கக் கடைக்காரர் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார். பின்பக்கத் துளைகளில் சூடு வரும். முறை வரும்வரை நாங்கள் அங்கே கையைக் காட்டி விரல்களை இளக்கிக்கொள்வோம். குளிரில் விறைத்த விரலால் பட்டன் அழுத்த முடியாது.

என்னோடு ஆடியவன் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வருவான். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து கொண்டுவந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அவனிடம் ரூபாய் இருக்காது. ஆனால் கை இருந்தது. அவனுடைய கைவேகம் எங்கள் தெருவில் யாருக்கும் வராது. அவன் எப்போதும் விளையாட்டில் வரும் முஸ்தபா என்ற ஆள், உதைக்கு உதை பறப்பான். நான் மெஸ், மெதுவாக நடக்கும் பெரிய உடம்புக்காரன். இரண்டு ரூபாயும் நான் போடுவேன்.

அன்று ஒரு பெட்டி உடைந்து கறி விழுந்தது. எனக்குப் பாதி உயிர் இருந்தது. அவனுக்கு உயிர்க் கோட்டில் ஒரு நூல்தான் மிச்சம். அவன் எடுக்கவில்லை. நான் எடுக்கச் சொன்னேன். காசு உன்னுடையது, நீ எடு என்றான். நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் கறியைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தோம். அதன் அருகே வந்தால் கை தவறி எடுத்துவிடுவோமோ என்று அவன் அடிக்காமல் விலகிப் போனான், அதனாலேயே மேலும் அடி வாங்கினான். எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் பொறுமை இழந்து சொன்னார்: "காசு உள்ளே விழுந்த நிமிடமே அது என் காசு. உங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் இல்லை. உயிர் குறைந்தவன் எடுக்கட்டும்."

அவன் எடுத்தான்.

தம்பி, நான் அதற்குப்பின் எத்தனையோ அறநூல்களைப் படித்திருக்கிறேன். உடைமையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் நியாயமாகவும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொடுத்தவன் கொடுத்ததோடு சரி. உள்ளே போனபின் யாருக்குத் தேவை என்பது மட்டும்தான் கேள்வி. அன்றிலிருந்து அந்தக் கடையில் அதுதான் விதி. சீசனுக்கு வரும் வெளியூர்ப் பையன் அதை மீறி முழு உயிரோடு கறியை எடுத்தால் அடுத்த ஆட்டத்தில் அவனோடு சேர ஆள் கிடைக்காது.

இதைச் சொன்னபின்தான் வீட்டுப் பதிப்புகளைப் பற்றிப் பேச முடியும். எது நெருக்கமானது என்று நிறத்தையும் உருவத்தின் அளவையும் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி வேண்டாம். இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஃபைனல் ஃபைட்டை எடுத்துக்கொள்வோம். கேப்காம் நிறுவனம் அதை 1989-இல் கடைகளுக்குக் கொண்டுவந்தது. மெட்ரோ சிட்டியின் மேயர் ஹாகர், அவருடைய கடத்தப்பட்ட மகள் ஜெஸிகா, துணைக்கு கோடியும் கய்யும். மூவரில் இருவர் சேர்ந்து போகலாம். அடுத்த ஆண்டே சூப்பர் நின்டென்டோ என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்தது. உருவங்கள் அதே பெரிய உருவங்கள். பத்திரிகையில் அச்சடித்த படத்தைப் பார்த்தால் கடையில் இருந்தது போலவே இருக்கும். ஆனால் கய் இல்லை. தொழிற்சாலைக் கட்டம் முழுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது ஆட்டக்காரர் இல்லை! 1992-இல் திருத்தம் போல இன்னொன்று வெளியிட்டார்கள். கய் வந்தார், கோடி போய்விட்டார். அப்போதும் ஒருவர்தான் ஆட முடியும்.

விளையாட்டைப் பதித்த கார்ட்ரிட்ஜில் இடம் போதவில்லை, மூன்று எதிரிகளுக்கு மேல் திரையில் நிறுத்த அந்தக் கருவியால் முடியவில்லை என்று காரணம் சொல்வார்கள். காரணம் உண்மைதான். ஆனால் இடம் போதாதபோது எதை வெளியே தள்ளுகிறோம் என்பதில்தான் ஒருவர் எதை முக்கியமாக நினைக்கிறார் என்பது தெரிகிறது. 1988-இல் சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு டபுள் டிராகன் வந்தது. சூப்பர் நின்டென்டோவை விட மிகவும் பலவீனமான எட்டு பிட் கருவி. உருவங்கள் கூடினால் சிமிட்டும், அழகென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் நாயகர்கள் பில்லியும் ஜிம்மியும் ஒரே நேரத்தில் திரையில் நின்றார்கள். அதே டபுள் டிராகன் நின்டென்டோவின் எட்டு பிட் கருவிக்கு வந்தபோது இருவரும் சேர்ந்து போக முடியவில்லை, மாறி மாறித்தான் ஆட வேண்டும். பார்க்க எது நன்றாக இருக்கிறது என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்தச் சிமிட்டும் பதிப்பைச் செய்தவர்கள் தாங்கள் எதைச் செய்கிறோம் என்று அறிந்திருந்தார்கள். ஃபைனல் ஃபைட்டைச் சுருக்கியவர்கள் இரண்டு பேர் சாப்பிடும் பந்தியிலிருந்து ஓர் இலையை எடுத்துவிட்டு, பாத்திரங்களைப் பளபளவென்று துலக்கி வைத்தார்கள். எதிரில் ஆளில்லாமல் கறி யாருக்கு? எனக்குத்தான். அதில் என்ன இருக்கிறது? 1993-இல் சேகாவின் மெகா சிடியில் மூவரையும், இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் அது வீட்டு கேம் கருவிக்கு உண்மையில் வந்தது.

கோல்டன் ஆக்ஸ் சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு வந்தபோது இரண்டாவது ஆட்டக்காரரை விடவில்லை. இரவில் கூடாரத்தருகே வரும் பச்சைத் திருடனை உதைத்துச் சோற்றைப் பறிக்கும் இடத்தையும் விடவில்லை. வீட்டுக்கென்றே பிறந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜில், 1991-இல், ஆப்பிளும் கறியும் உண்டு, தொடர்ந்து ஆடும் வாய்ப்புக்கு எல்லையும் உண்டு. கடைசியில் வில்லன் மிஸ்டர் எக்ஸ் இருவரையும் பார்த்து என்னோடு சேர்கிறாயா என்று கேட்பார். ஒருவன் சரி என்றும் மற்றவன் இல்லை என்றும் சொன்னால் நண்பர்கள் இருவரும் அடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை கறியை எப்படிப் பங்கிட்டார்கள் என்பது அந்தச் சண்டையில் தெரியும். அதற்கு யூசோ கோஷிரோ போட்ட இசையைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது, விட்டுவிடுகிறேன். முஸ்தபாவுக்கு வீட்டுப் பதிப்பே வந்ததில்லை. அதன் உண்மைப் பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், மார்க் ஷுல்ட்ஸின் காமிக்ஸிலிருந்து எடுத்தது. 2018-இல் கேப்காம் தன் பழைய விளையாட்டுகளைத் தொகுத்தபோதும் அது இல்லை. உங்கள் கருவியில் இருப்பது கடைப் போர்டின் நகல்.

மகனைப் பற்றி எழுதியதுதான் எனக்கு வலித்தது. பொறுமை இல்லையாம்! ஒரு ஜாய்ஸ்டிக்கை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சாகாத ஒருவன் நடப்பதைப் பத்து நிமிடம் பார்க்கச் சொன்னீர்கள். நானாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்திருப்பேன். அவன் போனில் நண்பர்களோடு ஆடுவதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். பப்ஜி போன்றவற்றில் அடிபட்டு விழுந்தவன் தவழ்ந்துகொண்டிருப்பான். கூட இருப்பவன் குண்டு பாயும் இடத்தில் மண்டியிட்டு, தான் சுடப்படலாம் என்று தெரிந்தே அவனை எழுப்புவான். மருந்துப் பெட்டி ஒன்றுதான் இருந்தால் உயிர் குறைந்தவனுக்குக் கீழே போடுவான். குன்னூர்க் கடையில் எங்களுக்கு ஒரு பெரியவர் சொல்லித்தர வேண்டியிருந்ததை இந்தப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இந்தத் தலைமுறை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உங்கள் மனைவி சம்மதித்தால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுங்கள். ஆளுக்கு மூன்று காயின், அதற்குமேல் அந்தப் பட்டனைத் தொடக்கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்திலேயே தோற்பீர்கள். கறி விழும்போது வாயைத் திறக்காதீர்கள். அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

கோவைப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிக்சர் ட்யூப் மங்கியிருந்தால் மாற்று கிடைப்பது கடினம். உள்ளே இருப்பது கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டாக இருந்தால், அதில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் விளையாட்டே திறக்காது, கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பிறகு இரண்டு பக்கத்து ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். வலதுபக்கம் வேலை செய்யாது, பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று அவர் சொன்னால், அங்கேயே சரிசெய்து காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அன்புடன்