வாசகர் கேள்வி பதில்: இலத்தீன் வேற்றுமையும் பழைய அச்சும்

கேள்வி: வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கும் 16ஆம் நூற்றாண்டு இலத்தீன் இலக்கணத்தைப் பதிவிறக்கி, அச்செடுத்துப் படிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய முதல் பகுதியிலேயே வேற்றுமை குழப்புகிறது. (வாசகர், ராயபுரம்)

பதில்: குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம்தான். லில்லி 1522இல் இறந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, எல்லாப் பள்ளிக்கும் இந்த ஒரே இலக்கணம் என்று இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஆணையிட்டார். அதில் பிறர் எழுதியதும் கலந்திருக்கிறது. அதற்குள் ஆங்கிலம் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அதனால் ‘ஆஃப்’ வந்தால் ஜெனிடிவ், ‘டு’ வந்தால் டேட்டிவ் என்று சிறுவர்களுக்கு அடையாளம் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். நேரே தமிழ் உருபைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை வரிசை மட்டும் ஒத்துவராது. அங்கே இரண்டாவதான ஜெனிடிவ் நம் ஆறாம் வேற்றுமை. மூன்றாவது டேட்டிவ் நம் ‘கு’. நான்காவது அக்யூசடிவ் நம் ‘ஐ’. ஐந்தாவது விளி. ஆறாவதான அப்ளேடிவ்தான் பெரும் சுமைதாங்கி: ‘ஆல்’, ‘ஓடு’, ‘இருந்து’, ‘இல்’ எல்லாம் அதன் தலையில். ஆங்கிலச் சிறுவன் ‘வித்’ என்ற ஒரே சொல்லில் தடுமாறிய இடம் இது. தமிழருக்குத் தடுமாற்றமே இல்லை: ‘வாளால்’ என்றால் வெறும் ‘கிளாடியோ’, ‘நண்பனோடு’ என்றால் ‘கும்’ சேர்த்து ‘கும் அமீகோ’.

நாம் சறுக்கும் இடம் ‘கு’. ‘பையனுக்குக் கொடுத்தேன்’ டேட்டிவ். ‘ராயபுரத்துக்குப் போகிறேன்’ டேட்டிவ் அல்ல. போய்ச்சேரும் இடத்துக்கு அக்யூசடிவ். ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பது ‘டோமும் ஏயோ’.

பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வரும் ஹிக், ஹேக், ஹோக் மூன்றையும் மொழிபெயர்க்காதீர்கள். அவை அங்கே ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத மூன்றாம் பால் என்பதற்கான குறிகள். கல்லுக்கு ஹிக், கைக்கு ஹேக். நம் திணைப் பாகுபாட்டை வைத்து ஊகித்தால் தவறும். சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யவேண்டும்.

கேள்வி: அதே நூலில் ‘சும்’ என்பது ‘ஃபும்’ போல் தெரிகிறதே? (வாசகர், பெரம்பூர்)

பதில்: அது நீண்ட எஸ், அதாவது எஸ் எழுத்தின் பழைய வடிவம். சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும், கடைசியில் வராது. எஃப்பின் குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் நீளும், இதில் நீளாது. இதைவிடக் கவனிக்கவேண்டியது உயிரெழுத்தின் தலைமேல் உள்ள கோடு. இன்றைய பாடநூலில் அது நெடில் குறி: கடைசி எழுத்தின் மேல் கோடு போட்ட ‘மூச’வை ‘மூசா’ என்று படிக்கவேண்டும், அது அப்ளேடிவ். பழைய அச்சிலோ இடம் மிச்சப்படுத்த எம் அல்லது என் எழுத்தை விட்டதற்கு அடையாளம்: அதே சொல் அங்கே ‘மூசம்’, அக்யூசடிவ்.