வரலைன்னா இழுக்காதீங்க, குனிஞ்சு பாருங்க: பழைய வண்டி டேஷ்போர்டு கேள்வி பதில்

செங்கோட்டையில பழைய வண்டிகளோட மல்லுக்கட்டுத ஆளு நான். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை உடைக்காம கழத்துறது பத்தி மட்டும் இன்னிக்குக் கேளுங்க.

கடையநல்லூர்: அண்ணாச்சி, 1996 மாருதி 800. மீட்டரைச் சுத்தியிருக்க மூடி வரமாட்டேங்கு. பலமா இழுக்கவா?

இழுக்காதீங்க தம்பி. முதல்ல பத்தாம் நம்பர் ஸ்பேனரால பேட்டரி நெகட்டிவைக் கழத்துங்க. அப்புறம் குனிஞ்சு, மூடியோட மேலுதட்டுக்கு அடியில டார்ச் அடிங்க. ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் முறைச்சுக்கிட்டு நின்னா, நிக்கிற பக்கம் ஸ்குரூ பாக்கி. வேற வண்டிகள்ல ஆஷ்ட்ரே குழி, காலி சுவிட்ச் மூடி இதுக்குள்ளயும் ஒளிச்சு வச்சிருப்பான்.

ஜப்பான்காரன் போட்ட வண்டி, ஸ்குரூவும் ஜப்பான் அளவு. கூட்டல் குறி ஓரத்துல பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சாதா ஃபிலிப்ஸ் திருப்புளியை வச்சா, அழுத்தும்போது முனை மேலேறி வழுக்கும். தலையும் போச்சு, பக்கத்துப் பிளாஸ்டிக்ல கோடும் விழுந்தாச்சு. ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) திருப்புளின்னு கேட்டு வாங்குங்க.

மூடி வந்ததும் மீட்டரை வெடுக்குன்னு பிடுங்காதீங்க. பின்னால ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டியிருக்கும். இன்ஜின் பக்கத்துலேருந்து கேபிளைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கொடுத்தா கை நுழைய இடம் கிடைக்கும். கழத்துன ஸ்குரூவை அட்டையில டேஷ்போர்டு படம் வரைஞ்சு அதே இடத்துல குத்தி வைங்க. குட்டை ஸ்குரூ இடத்துல நெட்டையை முறுக்கினா, முன்பக்கம் கொப்புளம் மாதிரி புடைச்சிடும்.

புளியரை: சமையல் கத்தி வச்சு நெம்பலாமா?

கூடாது. இரும்பே ஆகாது. மூங்கில் பட்டையை முனை மழுங்கச் சீவி, துணி சுத்தி வச்சுக்கோங்க.

இலஞ்சி: பழைய பத்மினி அண்ணாச்சி, டேஷ்போர்டு தகரம்.

அது டிங்கர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி.

ஆரியங்காவு: இங்க சாரல் காலத்துல பிளாஸ்டிக் விறைச்சுக் கிடக்கு. எப்ப கழத்தலாம்?

சாரல் விட்ட நாளாப் பாத்து, கண்ணாடியை ஏத்திவிட்டு ரெண்டு மணி நேரம் வெயில்ல நிறுத்துங்க. மூடியைப் பிடிச்சிருக்க பிளாஸ்டிக் கிளிப் சூட்டுல கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும்.

வல்லம்: தப்பா சொல்லுதீங்க அண்ணாச்சி. வெயில்தானே பிளாஸ்டிக்கைக் கெடுத்துச்சு? திரும்ப வெயில்லயா?

நல்லாக் கேட்டீங்க. கெடுத்தது சூடு மட்டுமில்ல, வருஷக்கணக்கா கண்ணாடி வழியா விழுந்த வெளிச்சமும். ரெண்டு மணி நேர வெயில் அதுக்கு உறை போடக் காணாது.

வல்லம்: அப்ப ஹீட் கன் வச்சு அஞ்சு நிமிஷத்துல முடிக்கலாமே?

அதுதான் வேண்டாம்ங்கேன். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் நூறு டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். ஹீட் கன் முந்நூறுக்கு மேல போகும். ஜென் வண்டி ஏ.சி. வென்ட் ஒண்ணை அப்பளமாச் சுருட்டுனவன் நான்தான், அனுபவம் பேசுது. அவசரம்னா வீட்டுல தலை காயவைக்கிற டிரையர் போதும், அதையும் ஆட்டிக்கிட்டே இருக்கணும்.

வல்லம்: எங்க மாமா ஹீட் கன்தான் வச்சாரு, ஒண்ணும் ஆகலை.

மாமா கை அப்படி. உங்க கையை நான் பாக்கலையே.

தென்காசி: ஏர்பேக் இருக்க வண்டி. ஸ்டீயரிங் பக்கத்துல கழத்தணும்.

நீங்க கழத்தாதீங்க. பேட்டரி எடுத்த பிறகும் அதுக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். மஞ்சள் கனெக்டர் பக்கம் கை போகவே கூடாது. ஒர்க் ஷாப்புக்கு விடுங்க.

சுரண்டை: மூடியில ஸ்குரூ மாட்டுற காது உடைஞ்சு போச்சு, சூப்பர் க்ளூ போடலாமா?

அது காயும்போது சுத்துவட்டாரமெல்லாம் வெள்ளைப் பூத்துடும். பின்பக்கம் என்ன எழுத்துன்னு பாருங்க. ஏ.பி.எஸ்.னா, அதே ஜாதித் தூளை அசிட்டோன்ல கரைச்சு கூழாக்கி உள்பக்கமா அப்புங்க, ஒரு நாள் காயட்டும். பி.பி.ன்னா, அதாவது பாலிப்ரோப்பிலீன்னா, அசிட்டோன் வேலைக்காகாது. மெல்லிய கம்பி வலையை சால்டரிங் அயர்னால சூடாக்கி உள்ள பதிக்கணும். எழுத்தே இல்லைன்னா மறைவான மூலையில ஒரு சொட்டு அசிட்டோன் வைங்க, பிசுபிசுத்தா பெரும்பாலும் ஏ.பி.எஸ்.

பண்பொழி: திருப்புளியால நெம்பலாமா அண்ணாச்சி?

புளியரைக்குச் சொன்னதைப் படிங்க.

சாம்பவர்வடகரை: வரலைன்னா பலமா இழுக்கலாமா?

முதல் பதில். முதல் வரி.

வல்லம்: அண்ணாச்சி, வெயில்ல வச்சேன், ஸ்டீயரிங் மூடி அலுங்காம வந்துருச்சு! ஆனா ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு, தெருவே கூடிட்டு.

பேட்டரி கழத்துனீங்களா?