மாத்திரை முடித்தும் மலேரியா ஏன் திரும்பியது?

கேள்வி: பர்மாவின் மோன் மாநிலத்தில், தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறோம். நான்கு வயது மகனுக்கு மலேரியா வந்தது. சோதனைச் சீட்டில் வைவாக்ஸ் என்று எழுதியிருந்தது. மூன்று நாள் மாத்திரையில் குணமானான். ஐந்து வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் வைவாக்ஸ். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மாமியார். விடிவதற்கு முன் நாங்கள் பால் வெட்டப் போகும்போது அவனையும் கொண்டுபோய்க் கொட்டகையில் தூளி கட்டிப் படுக்கவைப்போம். எங்கே தவறு நடந்தது?

பதில்: அம்மா, தண்ணீர் குடித்து மலேரியா வராது, மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வைவாக்ஸ் என்பது மலேரியாவில் ஒரு வகை. அதன் கிருமி ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. அதில் ஒரு பங்கு கல்லீரலில் போய் உறங்கிக்கொள்ளும். மூன்று நாள் தரும் குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை அழிக்கும், உறங்குவதைத் தொடாது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அது விழித்துக்கொள்ளும். புதிதாகக் கொசு கடித்தும் வந்திருக்கலாம். ஆனால் ஐந்து வாரக் கணக்கைப் பார்த்தால் பழையது எழுந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

உறங்கும் கிருமிக்குப் பிரைமாகுயின் என்ற மருந்து உண்டு. வழக்கமாக 14 நாள். அதைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும். பர்மாவில் இந்தக் குறை அபூர்வமல்ல, பரம்பரையாக வருவது. முதலில் அந்தச் சோதனை, பிறகு எடைக்கு ஏற்ற அளவு. மருந்து சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கடைக்காரர் நாலு மாத்திரையைக் கலந்து கட்டித் தரும் பொட்டலம் எதற்கும் உதவாது.

இனித் தூளிக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பர்மாவில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற ஆண்களைத்தான் நோய் அதிகம் பிடிக்கிறது. உங்கள் மகனோ நான்கு வயதிலேயே தோட்டத்துக்கு ‘வேலைக்கு’ப் போகிறான்! மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. வீட்டில் கொசுவலை கட்டிவிட்டு, அது கடிக்கும் நேரத்தில் பிள்ளையை வெளியே கிடத்தினால் வலை யாருக்கு? அவனை வீட்டில் வலைக்குள் விட்டு ஒருவர் காவல் இருப்பதே நல்லது. கூலி போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வேறு வழியே இல்லையென்றால் தூளியை முழுதாக மூடும் மருந்திட்ட வலையைப் போடுங்கள்; தூளித் துணி வலையில் படக்கூடாது, பட்ட இடத்தில் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். பால் சிரட்டையில் தேங்கும் மழைநீரைக் கொட்டுவதும் நல்லதுதான், ஆனால் அதில் பெருகுவது பெரும்பாலும் டெங்கு கொசு.

சின்னப் பிள்ளைகளுக்குக் குளிர் நடுக்கம் வந்தே தீரும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே விரல்நுனி ரத்தச் சோதனை. வலிப்பு, மயக்கம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. இரண்டு முறை வந்ததால் ரத்தசோகையும் இருக்கக்கூடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனைக் கூட்டிப்போகும் நாளில் கணவரையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்கள் உடம்பில் காய்ச்சலே இல்லாமல் கிருமி இருப்பதுண்டு.