பீன்யா சாயக்கழிவு: டைட்டானியா போட்டும் நிறம் போகாதது ஏன்?
வெயிலில் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) பொடியைப் போட்டதும், சோதனைச் சாயமான மெத்திலீன் புளூ ஒரு மணி நேரத்தில் வெளுத்தது, ஆனால் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறையின் ரியாக்டிவ் சாயக்கழிவு (பருத்தித் துணிக்குப் போடும் சாயம்) நாலு மணி வெயிலிலும் அசையவில்லை என்கிறீர்கள். சிக்கல் நீங்கள் குறித்த பி.எச். 10.5-இல், அதாவது கழிவின் கடும் காரத்தன்மையில் இருக்கிறது. பி.எச். ஏறக்குறைய 6-க்கு மேல் போனால் டைட்டானியாவின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொள்ளும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின், ஒட்டாது. மெத்திலீன் புளூ நேர்மின், அதனால் ஒட்டும். போதாக்குறைக்குக் கழிவிலுள்ள கார்பனேட் வேறு, சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைத் தின்றுவிடும்.

நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு பி.எச்.-ஐ 4-க்கு இறக்குங்கள், கார்பனேட் வாயுவாக வெளியேறி நுரை அடங்கட்டும். (டைட்டானியாவுக்குப் பதில் துத்தநாக ஆக்சைடு என்றால் அமிலம் வேண்டாம், பொடி கரைந்துவிடும்.) அயனி நீக்கிய நீரில் ஐந்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள், போர்வெல் தண்ணீர் விட்டால் பைகார்பனேட் திரும்ப வந்துவிடும். லிட்டருக்கு 1 கிராம் பொடி, 2 செ.மீ. ஆழத் தட்டு, கண்ணாடி மூடி கூடாது (புற ஊதாக் கதிரைக் குறைக்கும்), ஓயாமல் கலக்க வேண்டும்.

முதல் 30 நிமிடம் இருட்டில் வையுங்கள். அப்போது குறையும் நிறம் பொடியில் வெறும் ஒட்டல், சிதைவு அல்ல. நிறத்தை அளக்கும் முன் பொடியை நீக்க 0.22 மைக்ரான் வடிகட்டி கட்டாயம்.