யாழ்ப்பாணத்தில் பாய்ப்படகு வைத்திருந்தால் பழுது பார்க்க ஆள் கிடைக்குமா?

"அங்கே இதெல்லாம் தெரிந்த ஆள் இருக்கிறார்களா, இல்லை எல்லாத்துக்கும் கொழும்புக்கு ஓட வேணுமா?" எண்டு கேட்டிருக்கிறீங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுறன். நீங்கள் வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்து படகு ஓட்டப்போறீங்கள் எண்டு நினைக்கிறன். பிழையெண்டால் சொல்லுங்கோ.

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை. இங்க கட்டின அன்னபூரணி, எங்கட ஊர் ஆக்களோட 1938இல அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாயில போய்ச் சேர்ந்த கப்பல். இதைச் சொன்னால் பழம்பெருமை எண்டுவினம். சரி, விடுவம். நான் டீசல் எஞ்சின் வேலை செய்யிறவன். கூடுதலா மீன்பிடிப் படகுகள்தான்.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி கனடாவில இருந்து வந்த ஒரு அண்ணை, திருகோணமலையில ஒரு வெள்ளைக்காரரிட்டச் சின்னப் பாய்ப்படகு ஒண்டை வாங்கி, ஊர்காவற்றுறைக்குக் கொண்டு வந்தார். காரைநகரடியில எஞ்சின் கொதிச்சு அலாரம் அடிக்குது. உடன போன்: "தம்பி, எஞ்சின் நிண்டிட்டுது, கட்டியிழுக்க ஒரு போட் அனுப்பு." நல்ல காத்து வேற. "அண்ணை, பாயை விரியுங்கோ" எண்டு எஞ்சின்காரன் நான் சொல்ல வேண்டியதாப் போச்சு!

அவர் முதல் கூட்டிவந்து காட்டின ஆள், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு) பழுதாப் போட்டுது எண்டு பெரிய விலை ஒண்டு சொல்லியிருக்கிறார். நான் கழட்டினது, எஞ்சினைக் குளிராக்கக் கடல்தண்ணியை இழுக்கிற பம்பை மட்டும்தான். வடிகட்டி முழுக்கச் சாதாளை. தண்ணி வராமல், பம்புக்குள்ள சுத்துற ரப்பர்ச் சில்லு, அதுதான் இம்பெல்லர், காய்ஞ்சு ஓடி, ரப்பர் இதழ்கள் பிஞ்சு போயிருந்தது. புது இம்பெல்லரை ஆரும் போடலாம். பிஞ்ச துண்டுகள் எங்க போச்சு எண்டு தேடுறதுதான் வேலை. அதுகள் கடல்தண்ணியால எஞ்சின் சூட்டை எடுக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில போய் அடைச்சுக்கொண்டு கிடக்கும், எடுக்காட்டிப் புதுசு போட்டும் கொதிக்கும். கிடைச்ச துண்டுகளைப் பழைய இம்பெல்லரோட பொருத்தி, ஒரு இதழும் குறையேல்லை எண்டு கண்ட பிறகுதான் மூடினன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின உடன புகைக்குழாயால தண்ணி வருதோ எண்டு எட்டிப் பாக்கப் பழகுங்கோ.

இந்தச் சின்ன வேலையையா பெருமையா எழுதுறாய் எண்டு எஞ்சினியர்மார் வருவினம். வரட்டும். கேஸ்கெட் மாத்தச் சொன்னவரிட்டயும் சேர்ட்டிபிக்கேற் இருந்தது.

என்ர மகனும் இதே வேலைதான். கலியாணத் தரகர் வந்து, "வெளிநாடு இல்லையோ, கவுண்மேந்து இல்லையோ" எண்டு கேட்டிட்டுக் கொப்பியை மூடிப்போட்டார். அவற்ற வீட்டுத் தண்ணிப் பம்ப் நிண்டால் மட்டும் ராத்திரியிலயும் எங்களுக்குத்தான் போன் வரும்.

சரி, கேள்விக்கு வாறன். எஞ்சினுக்கு ஆள் இருக்கு. ஃபைபர் ஒட்டக் கரையெல்லாம் ஆள் இருக்கு. ஆனால் அவையள் ஒட்டுறதுக்குப் பாவிக்கிற பசை பொலியெஸ்ரர் ரெசின். முந்தி எப்பொக்சி எண்ட மற்ற வகைப் பசையால ஒட்டின இடத்தில அது சரியாப் பிடிக்காது, முதலே சொல்லிவிடுங்கோ. பாய் தைக்கத்தான் கஷ்டம். தறப்பாள் தைக்கிற கடையில குடுக்கலாம், வெயில் தாங்கிற நூலை மட்டும் நீங்களே கொண்டு வாங்கோ. சாதாரண நூல் வெயிலில உக்கி, துணி நல்லா இருக்கத் தையல் விட்டிடும்.

பாய்மரக் கம்பியின்ர அடிப் போல்ற்றுகளையும் இங்க வாங்காதேங்கோ. அந்த அண்ணைக்கு ஒரு கடையில காந்தத்தை வைச்சுக் காட்டி, "ஒட்டேல்லைப் பாருங்கோ, மரைன் ஸ்டீல்" எண்டு வித்தவை. அடுத்த மாரிக்குள்ள பழுப்பு வடிஞ்சுது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில 304, 316 எண்ட ரெண்டு வகையுமே காந்தத்தில பெரிசா ஒட்டாது. 316இல 2, 3 வீதம் மொலிப்டினம் எண்ட உலோகம் கிடக்கு, உப்புத்தண்ணியைத் தாங்கிறது அதுதான். காந்தத்தால அதைக் கண்டுபிடிக்கேலாது.

தண்ணிமட்டத்துக்குக் கீழ இருக்கிற வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கோ. இளஞ்சிவப்பு நிறம் தெரிஞ்சால் அது துத்தநாகம் கரைஞ்சுபோன பித்தளை, எந்த நேரமும் முறியும். படகு கரையில நிக்கேக்கயே வெண்கலமா மாத்துங்கோ.

படகுக்கு அடியில தண்ணிக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்கிற கீல் எத்தனை அடி எண்டு நீங்கள் எழுதேல்லை. அஞ்சடி எண்டால் குருநகர்ப் பக்கம் நினைக்காதேங்கோ, களப்பு அவ்வளவு ஆழமில்லை. ஊர்காவற்றுறைதான் சரி. எஞ்சின் மொடலையும் எழுதுங்கோ, இம்பெல்லர் நம்பர் பாத்துச் சொல்லுறன். வரேக்க ரெண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.