ஜமைக்கா பட்டாளத்தில் ராஜ வாழ்க்கையா?

கேள்வி: வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், கடல் கடந்த ஊர்களில் காவலுக்கு நிறுத்தி வைத்திருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குச் சண்டை இல்லாத நாட்களில் ராஜ வாழ்க்கைதானே? - ஒரு வாசகர், தென்காசி

பதில்: அதிகாரிகளைக் கேட்டால் ஆமாம் என்றிருப்பார்கள். சிப்பாய் பாடு வேறு. ஜமைக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1817 முதல் 1836 வரையிலான கணக்கை ராணுவமே போட்டுப் பார்த்தது. அங்கிருந்த வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 120 பேருக்கு மேல், அதாவது எட்டில் ஒருவர், செத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலேயே இருந்த சிப்பாய்களில் சாவு ஆயிரத்துக்கு 15 தான். சண்டையில் போனவர்கள் சொற்பம், வாரிக்கொண்டு போனது மஞ்சள் காய்ச்சல்.

தினப்படி வாழ்க்கையும் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அந்த வெயிலிலும் சிவப்புக் கம்பளிச் சட்டை, கழுத்தை இறுக்கும் தோல் பட்டை. நாளைக்கு ஒரு ஷில்லிங் சம்பளம், அதிலும் சாப்பாட்டுக்கு, துணிக்கு என்று பிடித்தம் போக மிச்சமாவது சில்லறை. சாப்பாடு என்றால் பீப்பாயில் வந்த உப்பிட்ட இறைச்சி. காலையில் அணிவகுப்பு, அப்புறம் காவல், அப்புறம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, மலிவாகக் கிடைத்ததோ ரம். பெண்டாட்டியைக் கூட்டிப்போகலாமா என்றால், நூறு பேருக்கு இத்தனை பெண்கள் என்று ஒரு கணக்கு. யார் கப்பல் ஏறுவது என்று கிளம்புகிற நேரத்தில் திருவுளச்சீட்டு போடுவார்கள். சீட்டு விழாதவள் துறைமுகத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். எனக்கு ரம்மைவிட, கம்பளியைவிட, இதுதான் கொடுமையாகப் படுகிறது.

கேள்வி: அப்படிச் செத்துக்கொண்டிருந்தும் ராணுவம் சும்மாவா இருந்தது? - அதே வாசகர்

பதில்: ரொம்ப நாள் சும்மாதான் இருந்தது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். வில்லியம் கோம் என்ற தளபதி வந்து, ஆட்களை மலைக்கு ஏற்றுங்கள் என்று லண்டனைத் துளைத்தெடுத்த பிறகுதான் 1841-இல் கிங்ஸ்டனுக்கு மேலே நீலமலைத் தொடரில், சுமார் 4,000 அடி உயரத்தில், நியூகாசில் முகாம் வந்தது. (நம்ம நீலகிரி இல்லை, அது வேறு!) சாவு சட்டென்று குறைந்தது. ஆனால் குறைந்ததற்குக் காரணம் நல்ல காற்று இல்லை. குடிதண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியிலும் பீப்பாயிலும் பெருகுகிற கொசு அந்தக் குளிரில் பிழைக்காது, அவ்வளவுதான். கொசுதான் காரணம் என்று கியூபாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற டாக்டர் 1881-இல் சொன்னார், 1900-இல்தான் அது நிரூபணம் ஆனது. தப்பான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்து அறுபது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

மலை ஏறுவதற்கு முன்பே ராணுவம் கண்டுபிடித்த இன்னொரு வழி உண்டு, அது அசிங்கமானது. 1795 முதல் மேற்கிந்தியப் படைப்பிரிவுகளை அமைத்து, அவற்றுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கினார்கள். சிறு வயதிலேயே அந்தக் காய்ச்சல் வந்து தப்பித்தவர்கள் அவர்களில் நிறைய, அதனால் மறுபடி வராது. 1807-இல் சட்டம் போட்டு அவர்களை விடுதலை செய்தார்கள். விடுதலை என்றாலும் பட்டாளத்தை விட்டுப் போக முடியாது!

நியூகாசில் முகாம் இன்றும் இருக்கிறது, ஜமைக்கா ராணுவத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அங்கேதான் பயிற்சி. அங்கே இருந்துபோன படைப்பிரிவுகளின் சின்னங்கள் அணிவகுப்பு மைதானத்துச் சுவரில் வரிசையாக இருக்கின்றன.