பரகேசரி யார்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் சுற்றுவட்டாரத்துக் கல்வெட்டுகளை நண்பர்களோடு ஆன்டாலஜியாக (ontology – பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதுவது) தொகுத்து வருகிறோம். அதற்கான ஓ.டபிள்யூ.எல். (OWL) மொழியில் உண்டு, இல்லை என்றுதான் எழுத முடிகிறது. ‘எழுத்து ஓரளவு சிதைந்தது’, ‘அநேகமாகப் பராந்தகன் காலம்’ என்பவற்றுக்கு 0.7, 0.6 என்று எண் போட்டுவிடலாமா?

– வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள். சிதைவு என்பது அளவு. எத்தனை முறை மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுத்தாலும் அது ‘ஓரளவு’தான். 1965-இல் லோட்ஃபி ஜாதே முன்வைத்த ஃபஸ்ஸி கணம் (fuzzy set – ஒன்று எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை எண்ணால் சொல்வது) இதற்குப் பொருந்தும். பராந்தகன் சங்கதி அப்படியில்லை, கல்லில் வெட்டியபோது ஆட்சியில் இருந்தது ஒரே அரசன், யாரென்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘இதுவும் அதுவும்’ என்று இரண்டு கூற்றுகளை இணைக்கும்போது, முதல் வகையில் 0.7, 0.6 என்றிருந்தால் வழக்கமாகச் சிறியதை எடுத்து 0.6 என்பார்கள்; இரண்டாம் வகையில், ஒன்றையொன்று சாராதவை என்றால், பெருக்கி 0.42. இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து வைத்தால் பின்னால் வருகிறவர் எந்தக் கணக்கைப் போடுவார்?

சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிப் பூண்டவர்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருக்கிற கல்லுக்கு இரண்டு பேரையும் அரசனாகக் கொடுத்து, ஒரு கல்லுக்கு ஓர் அரசன்தான் என்ற விதியும் வைத்திருந்தால் ரீசனர் (எழுதியவற்றிலிருந்து முடிவுகளைத் தருவிக்கும் நிரல்) மறுப்புச் சொல்லாது, பராந்தகனும் உத்தம சோழனும் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடும்! பெயர் இரண்டென்றால் ஆளும் இரண்டு என்று அந்த மொழி தானாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு வேறு ஆட்கள் என்று நீங்களே எழுதி வைத்தால் முரண்பாடு என்று நின்றுவிடும்.

‘இவர்களில் ஒருவன்’ என்று எழுத அந்த மொழியிலேயே வழி இருக்கிறது, எண்ணே தேவையில்லை. பட்டியல் மட்டும் முழுமையாக இருக்க வேண்டும், முதலாம் ராஜேந்திரனும் பரகேசரிதான். ஆட்சியாண்டு 20-க்கு மேல் என்று தெரிந்தால், சுமார் பதினாறு ஆண்டே ஆண்ட உத்தம சோழன் இல்லை என்று ஒரு வரி சேருங்கள், மிச்சப் பேர்களோடு ரீசனர் தானே நகரும்.

சிதைவுக்கு எண் வேண்டுமென்றால் பொபில்யோவும் ஸ்ட்ராச்சியாவும் செய்த ஃபஸ்ஸி ஓ.டபிள்யூ.எல். 2 இருக்கிறது. ஆனால் அதில் எண் குறிப்புரையாகத்தான் உட்காரும், சாதாரண ரீசனர் அதைக் கண்டுகொள்ளாது. அப்புறம், ‘அநேகமாக’ என்றது யார், எழுத்தமைதியை (எழுத்துகளின் வடிவத்தை) வைத்தா, சொல்லப்பட்ட ஊர்ப்பெயரை வைத்தா? ஒவ்வொரு வாசிப்பையும் தனிப் பதிவாக்கி, சொன்னவர் பெயர், காரணம், மைப்படியின் படம் மூன்றையும் அதோடு இணைத்துவிடுங்கள்.